நாலு கிரெடிட்

டெல்லி, விஜய் நகர், மூன்றாம் மாடி.
மின்விசிறி வெக்கையைக் கலக்கிக்கொண்டிருக்கிறது.
இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குள்
முதல் செமஸ்டர் பாடங்களை எடுத்துவிட வேண்டும்.
மணி பத்தேகால்.
பல்கலைக்கழகப் பக்கம் பாதி திறந்து நிற்கிறது
கட்டில் ஏற்றும்போது சிக்கிக்கொண்ட லிஃப்ட் கதவு போல.

பொருளாதாரம் முன்பே முடிவானது, அதில் பேச்சில்லை.
பிற துறைப் பாடம் ஒன்று, நாலு கிரெடிட்.
மொழி, இரண்டு.
அப்புறம் வாழ்க்கைக்கு உதவும் ஏதோ, அதுவும் இரண்டு.
மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்றுகூட ஒரு பாடம் இருக்கிறது,
செவ்வாய், வியாழன், காலை எட்டரை.
எட்டரைக்கு எவளால் முடியும் என்றாள் லாஞ்சென்பி
துணிக்கொடிக்கு அந்தப் பக்கமிருந்து.

அப்பா கூப்பிட்டார்.
சாத்தூர் தாண்டி எடைமேடையில் ராத்திரி டூட்டி.
"ஒண்ணு நாலுங்கிற, இன்னொண்ணு ரெண்டுங்கிற.
எது கனம்?"
"நாலுதான்ப்பா."
"அப்ப நாலுல நல்லதா எடு."
பின்னால் ஒரு லாரி உறுமி ஏறியது.
இருபத்திரண்டு டன் அறுநூறு என்று சத்தமாகச் சொன்னார்,
எனக்கில்லை, டிரைவருக்கு.
"வேலைக்கு ஆகுற மாதிரி பாரு. கம்ப்யூட்டர் இருக்கா?"
இருந்தது.
நான் பார்க்கப் பார்க்கக் காலியிடம் மூன்று,
காலியிடம் ஒன்று,
பிறகு அந்த வரி சாம்பல் நிறமாகிவிட்டது.
"இருக்குப்பா" என்றேன்.
பொய்யில்லை. சாம்பலாக இருந்தது.

மொழிப் பட்டியலின் அடியில் தமிழ்.
பத்துப் பேர் சேர்ந்தால் மட்டும் வகுப்பு நடக்கும்.
ஐந்து பேர் இருந்தார்கள். நான் ஆறு.
அந்த ஐந்து பேர் யார்,
எந்த மாடியில் எந்த விசிறிக்குக் கீழே
இதே எண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?
பதினொன்றரை வரை காத்திருந்தேன்.
ஏழு வரவில்லை.
ஆரம்பநிலை இந்திக்கு மாறினேன்,
கமலா நகரில் வெண்டைக்காய்க்குப் பேரம் பேசவாவது ஆகும்.
திரும்பிப் பார்த்தேன்: ஐந்து.
கொஞ்ச நேரத்தில் நான்கு.
அதை நான்தான் தொடங்கிவைத்தேன்.

நாலு கிரெடிட் கட்டம் இன்னும் காலி.
வரைபடங்களை வாசித்தல் என்று ஒன்று கிடந்தது.
இருபத்தாறு இடம் மிச்சம்.
மார்க் விழாது, அதான் கூட்டமில்லை என்றாள் கீழ்மாடி சீனியர்.

இங்கே வந்த ரயிலில்
இரண்டு நாளும் செல்போனில் நீலப் புள்ளியைப் பார்த்தபடி வந்தேன்.
குவாலியருக்கு முன்னால் நெட்வொர்க் போனது,
புள்ளி நின்றுவிட்டது, ரயில் நிற்கவில்லை.
ஒரு மணி நேரம், வரைபடத்தின்படி,
பெயரில்லாத ஓர் ஊரின் ஓரத்தில் நான் இறங்கி உட்கார்ந்திருந்தேன்.
யாரும் தேடவில்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.

இதைக் காரணம் என்று எந்தப் பெட்டியிலும் எழுத முடியாது.
நல்லவேளை, காரணத்துக்குப் பெட்டி இல்லை.
பதினொன்று ஐம்பத்திரண்டு. ஓடிபி வரவில்லை.
பதினொன்று ஐம்பத்தாறு. இரண்டு ஓடிபி வந்தன, எது புதியது?
மகிழ்ச்சியைக் கடைசி நிமிடத்தில் சேர்த்துக்கொண்டேன்
வேறெதுவும் திறக்கவில்லை என்பதால்.

திங்கட்கிழமை, அறை இருபத்தேழு.
சுவரில் ஓரம் கிழிந்த ஆசியா. ஒன்பது பேர்.
மேடம் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்து
"பால்வண்ணன்?" என்றார்.
யாரும் எழவில்லை.
"பால்வண்ணன் வரவில்லையா?"

விண்ணப்பத்தில் குடும்பப் பெயரைக் காலியாக விடக்கூடாதென்று
சிவப்பு எழுத்து மிரட்டியபோது
இனிஷியலை விரித்து எழுதியிருந்தேன்.
எழுந்து, பிரசன்ட் மேம் என்றேன்.

ராத்திரி டூட்டி முடிந்து
அந்நேரம் அவர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்,
நான் கம்ப்யூட்டர் வகுப்பில் இருக்கும் நினைப்பில்.
இங்கே வரைபட வகுப்பில்
அவருக்கு ஒரு நாள் வருகை ஏறிவிட்டது.
முக்கால்வாசி நாள் வராவிட்டால்
பரீட்சைக்கு விட மாட்டார்களாம்.
அவரிடம் சொல்ல வேண்டும்.